சவரக்கத்தியில் ஷேவ் செய்யப் பழகுவது: தொடங்குபவர்களுக்கான முழு வழிகாட்டி

இன்று சலூன்களில் பாதி பிளேடை ஒடித்துச் செருகுகிறார்களே, இந்தக் கட்டுரை அந்தக் கத்தியைப் பற்றியது அல்ல. ஒரே எஃகுத் துண்டில் அடித்து, கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும்படி செய்த பழைய பாணிச் சவரக்கத்தியைப் பற்றியது. அதில் பிளேடு மாற்றும் வேலை கிடையாது. தோல்வாரில் தீட்டி, எப்போதாவது கல்லில் பிடித்து, ஒரே கத்தியை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

சலூன்கள் இதைக் கைவிட்டதற்கு நல்ல காரணம் உண்டு. ஒருவர் முகத்தில் பட்ட கத்தி அடுத்தவர் முகத்துக்குப் போகும்போது ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. போன்ற ரத்தத்தில் பரவும் கிருமிகளும் கூடவே போகலாம். ஆளுக்கொரு புது பிளேடு என்பது அங்கே கட்டாயம்தான். வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதே காரணத்தால், கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் கத்தியை இரவல் கொடுக்கக் கூடாது.

கற்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுதான். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது, கத்தி பிடிக்காத கையை. தோலை இழுத்துப் பிடிக்கும் கை ஒழுங்காக வேலை செய்தால் கத்தி பிடித்த கைக்கு மிச்சம் இருக்கும் வேலை ரொம்பக் கொஞ்சம். இழுத்த தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த தோலில் சிறு மடிப்பு எழும்பும், அதில் விளிம்பு இறங்கும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் சீழ்ப் பருக்கள் இருக்கும் நிலையில் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். மற்றவர்கள் தாராளமாகப் பழகலாம். ஆனால் அவசரமில்லாத காலை வேண்டும். தொடக்கத்தில் அரைமணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் வழக்கமான ரேசரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கத்தி வாங்குவது

சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். 5/8, 6/8 இரண்டும் தொடங்குபவருக்குப் பொருத்தம். அதைவிடக் குறுகியது நுரையைக் கொஞ்சம்தான் தாங்கும். அதைவிட அகலமானது மூக்குக்கடியில் புகாது.

அடுத்து முனை. சில கத்திகளின் முனை சதுரமாக, ஊசி போல் கூராக இருக்கும். சில வட்டமாக இருக்கும். யோசிக்கவே வேண்டாம், வட்ட முனை. காது மடலிலும் உதட்டோரத்திலும் முதல் மாதங்களில் படும் கீறல்கள் பெரும்பாலும் சதுர முனையின் வேலை.

மூன்றாவது, கத்தியின் பக்கவாட்டுக் குழிவு. கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தடித்த முதுகிலிருந்து விளிம்பு வரை இருபுறமும் உள்நோக்கிக் குழிந்திருக்கும். முழுக் குழிவுக் கத்தி மெலிதாக இருக்கும், முடியை வெட்டும்போது கேட்கும்படி ஓசை எழுப்பும். குழிவே இல்லாத ஆப்பு வடிவக் கத்தி கனமானது, ஓசை குறைவு. முதல் கத்திக்கு முழுக் குழிவோ அரைக் குழிவோ இருக்கட்டும். அந்த ஓசை ஒரு நல்ல ஆசிரியர். கோணம் சரியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் தப்பும்போது வேறு மாதிரியும் கேட்கும்.

ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்குவது இன்றும் நல்ல வழிதான். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய மூன்றும் நூற்றாண்டுகளாகக் கத்தி அடிக்கும் ஊர்கள். சோலிங்கனில் டோவோ, போக்கர், தியேரில் தியேர்-இஸார் போன்ற நிறுவனங்களின் கத்திகள் பேர்பெற்றவை. ஷெஃபீல்டின் பழைய கத்திகளில் ஜோசப் ராட்ஜர்ஸ், வேட் அண்ட் புட்சர் முத்திரைகளைப் பார்க்கலாம். எஃகில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு வகை உண்டு. கார்பன் எஃகு கல்லில் சுலபமாகக் கூரேறும், ஆனால் துருவுக்குப் பயப்பட வேண்டும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு அலங்கார வேலைப்பாட்டோடு கிடைப்பவை பெரும்பாலும் கத்தியின் உருவம் கொண்ட தகடுகள். எஃகு மென்மையாக இருக்கும், முதுகும் விளிம்பும் ஒரே தளத்தில் உட்காராது. அவற்றை எந்தக் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது. அந்தப் பணத்துக்கு நல்ல பழைய கத்தி தேடுங்கள். பழையதை வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கி விளிம்பை மட்டும் பாருங்கள். விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளியாகத் துரு குழி விழுந்திருந்தால் வேண்டாம். விளிம்பில் விரிசல் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். நடுவில் உள்வாங்கி வளைந்த விளிம்பும், முதுகின் ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருப்பதும், யாரோ தப்பாகக் கல்லில் பிடித்ததன் அடையாளம். கைப்பிடி உடைந்திருந்தால் மட்டும் கவலை இல்லை, மாற்றிக்கொள்ளலாம்.

புதுக் கத்தியோ பழையதோ, விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அப்படியே முகத்தில் வைக்கிற அளவுக்குக் கூர் தீட்டித் தருவீர்களா? தொழிற்சாலைக் கூர் எல்லா நேரமும் முகத்துக்குப் போதாது. கையிலுள்ள முடியை வெட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சுமாரான கத்திகூட அதைச் செய்துவிடும். தலைமுடி ஒன்றை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, விளிம்பின் மேல் மெல்ல இறக்கிப் பாருங்கள். சத்தமில்லாமல் துண்டாகி விழ வேண்டும். விளிம்பு நெடுக நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். மழுங்கிய கத்தியில் கற்கத் தொடங்கினால் முடி வெட்டுப்படாமல் இழுபடும். நீங்கள் அழுத்துவீர்கள், அழுத்தினால் ரத்தம். அதோடு இந்தக் கலையையே விட்டுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

வேறு என்னென்ன வேண்டும்

தோல்வார் ஒன்று கட்டாயம். ஒரு பக்கம் கித்தான் துணியும் மறு பக்கம் தோலும் உள்ள, தொங்கவிடும் வகையே வசதி. 3 அங்குல அகலம் கிடைத்தால் நல்லது, கத்தியின் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் அதில் உட்காரும். முதல் வாரிலேயே பெரும் பணம் போடாதீர்கள். பழகும் காலத்தில் எல்லோருடைய வாரிலும் வெட்டு விழும்.

ஷேவிங் பிரஷ், டப்பியில் வரும் சோப்போ டியூப் கிரீமோ, ஒரு துண்டு படிகாரம், கழுத்து வரை தெரியும் கண்ணாடி, முகத்துக்கு நேராக விழும் விளக்கு. அவ்வளவுதான். அமுக்கினால் நுரை வரும் டப்பாவை ஒதுக்குங்கள். அதில் காற்று அதிகம், ஈரம் குறைவு. கத்திக்கு வேண்டியது ஈரம்.

முகத்துக்கு முன் வார்

முதல் சில நாட்கள் முகத்தில் கத்தி வைக்காமல் வாரோடு மட்டும் இருங்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவும் மொண்ணைக் கத்தியை எடுத்துக்கொண்டு அசைவைப் பழகலாம்.

வாரின் மேல் நுனியைக் கொக்கியில் மாட்டி, கீழ் நுனியை இடக்கையால் இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். கத்தியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். முதுகும் விளிம்பும் இரண்டும் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் வர வேண்டும். விளிம்பு முன்னே போனால் வார் அறுந்துவிடும். வாரின் முனைக்கு வந்ததும் கத்தியைத் திருப்ப வேண்டும். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். விளிம்பைச் சுற்றித் திருப்பாதீர்கள். முதுகைத் தோலில் ஊன்றியபடியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தியின் கழுத்துப் பகுதியை (அலகுக்கும், கைப்பிடியோடு அதை இணைக்கும் ஆணிக்கும் இடையே உள்ள பகுதி) உருட்ட, விளிம்பு மேலே எழும்பி மறுபக்கம் இறங்கட்டும். மணிக்கட்டை முறுக்காதீர்கள். முதுகு தோலை விட்டு எழும்பவே கூடாது.

அழுத்தம் என்பது கத்தியின் எடை மட்டும். அழுத்தினால் தோல் தொய்ந்து விளிம்பைச் சுற்றி வளையும், கூர் உருண்டுவிடும். சினிமாவில் காட்டும் சடசட வேகமும் வேண்டாம். ஒரு போக்குக்கு ஒரு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் வேகம் தானே வரும். கித்தானில் 20 முதல் 30 தடவை, தோலில் 50 முதல் 60 தடவை, போய் வருவது ஒன்று என்ற கணக்கில். வார் கத்தியைவிடக் குறுகலாக இருந்தால், நேராகப் போகாமல் கொஞ்சம் குறுக்காக இழுங்கள், அடியும் நுனியும் சமமாகத் தீட்டுப்படும்.

வார் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பிளேடின் எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது, அப்படியும் மழுங்குகிறது. மெல்லத் தேய்வதால் மட்டும் அல்ல. முடி வளைந்து விளிம்பைச் சாய்வாகத் தாக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் பொடிச் சில்லுகள் பெயர்கின்றன. அவர்கள் சோதித்தது சாதாரண ரேசர் பிளேடுகளை. சவரக்கத்திக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வார் விளிம்பைத் துடைத்து ஒழுங்குபடுத்தும், பெயர்ந்த சில்லைத் திருப்பி ஒட்டாது. முடியை நன்றாக ஊறவைத்து, தோலை இழுத்து, முடி வளைய இடம் கொடுக்காமல் வெட்டுவதுதான் கூரை நீண்ட நாள் காப்பாற்றும்.

உங்கள் முகத்தில் முடி எந்தப் பக்கம் போகிறது

இரண்டு நாள் தாடி இருக்கும்போது விரல் நுனியால் முகத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகத் தோன்றும் திசை முடி படிந்திருக்கும் திசை. சொரசொரக்கும் திசை எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே. கழுத்தை நம்ப முடியாது. சிலருக்குக் கழுத்தின் அடியில் முடி மேல்நோக்கி வளரும், சிலருக்குக் காதுப் பக்கம் சாயும், தாடைக்கடியில் சுழியே இருக்கும். இடக் கழுத்தும் வலக் கழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நிறையப் பேருக்குக் கழுத்தில் எப்போதும் எரிச்சலும் உள்வளரும் முடியும் இருப்பதற்குக் காரணம், இத்தனை வருடமும் திசை தெரியாமல் மழித்ததுதான்.

தண்ணீரும் நுரையும்

குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்வது நல்லது. முடியாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தாடி முடி தண்ணீரை உறிஞ்சி மிருதுவாக அவ்வளவு நேரம் வேண்டும். முகத்தைத் துடைக்காதீர்கள்.

பிரஷை வெந்நீரில் ஊறப் போட்டு, உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். கிண்ணத்திலோ முகத்திலோ நுரை அடிக்கத் தொடங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் பெரிய குமிழிகள் தெரியும். அடித்துக்கொண்டே இருந்தால் அவை மறைந்து மந்தமான வெள்ளைப் பசையாகும். பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். இன்னும் நாலைந்து சொட்டு விட்டு அடித்தால் மேற்பரப்பு பளபளக்கும், கெட்டித் தயிர் போல் கரையாமல் நிற்கும். அதை விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்க வேண்டும். அதுதான் கத்திக்கான நுரை. தடிமனாக இருக்க வேண்டியதில்லை. முடிக்கால் தெரியாத அளவுக்கு ஒரு பூச்சு போதும்.

சென்னையின் பல பகுதிகளிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும், நுரை எழும்பாது. சோப்பை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. நுரைக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், வேறுபாட்டை அன்றே பார்ப்பீர்கள்.

பிடியும் கோணமும்

கத்தியைத் திறந்து, கைப்பிடி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும்படி விடுங்கள். கத்தியின் அலகுக்கும் ஆணிக்கும் இடையே உள்ள கழுத்துப் பகுதியின் மேல் மூன்று விரல்கள், அடியில் கட்டைவிரல். ஆணிக்கு அப்பால் நீளும் வாலின் மேல் சுண்டுவிரல். கைப்பிடி மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நிற்கும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கை நகம் வெளுத்தால் பிடி அதிகம் என்று அர்த்தம்.

கத்தியைக் கன்னத்தில் தட்டையாகச் சாய்த்து வையுங்கள். இனி முதுகை மட்டும் தோலிலிருந்து மெல்லத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் இடையில் அந்த முதுகின் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு இடைவெளி வந்தால் போதும், அங்கே நிறுத்துங்கள். ஏறக்குறைய 30 பாகையைத் தாண்ட வேண்டாம். இதற்கு மேல் நிமிர்த்தினால் கத்தி சுரண்டும், எரியும். ரொம்பப் படுத்தால் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும்.

இன்னொன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கத்தி எப்போதும் விளிம்புக்குச் செங்குத்தாகத்தான் நகர வேண்டும். விளிம்பின் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது அறுப்பு. தோலில் கத்தி இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் திரும்பாதீர்கள், முதலில் கத்தியை நேராகத் தூக்கி எடுங்கள்.

முதல் வாரம்: கன்னம் மட்டும்

கிருதாவிலிருந்து தாடை எலும்புக்கு ஓர் அங்குலம் மேல் வரை. அவ்வளவுதான். மீதி முகத்தை உங்கள் பழைய ரேசரால் முடியுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வலக் கன்னத்துக்கு வலக்கையில் கத்தி. இடக்கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, கிருதாவுக்கு மேலே காதோரம் விரல்களை ஊன்றி, தோலை மேல்நோக்கி இழுங்கள். அந்த இடத்தில் நுரையைத் துடைத்துவிட்டு உலர்ந்த விரலால் ஊன்றினால்தான் பிடி கிடைக்கும். சோப்பு வழுக்கினால் தோல் நழுவிவிடும். விரலைப் படிகாரத்தில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும். கன்னம் தட்டையாக விறைத்தது கண்ணாடியில் தெரிய வேண்டும்.

கிருதாவின் அடியில் கத்தியை வைத்து, முடி படிந்த திசையில் கீழே இறக்குங்கள். ஒரு இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அழுத்தம் இல்லை, கத்தியின் எடையே வேலை செய்யும். மெல்லிய, சீரான சரசரப்பு கேட்கும். கத்தி தயங்கி நின்றால் தள்ளாதீர்கள். எடுங்கள், தோலை இன்னும் இழுங்கள், மறுபடி வையுங்கள். தள்ளுகிற அந்த ஒரு நொடியில்தான் காயம். ஒரு இழுப்பு முடிந்ததும் இடக்கை விரல்களைக் கொஞ்சம் கீழே நகர்த்தி மறுபடி இழுத்துப் பிடித்து அடுத்த இழுப்பு. கத்தியில் சேர்ந்த நுரையை விளிம்பிலிருந்து விலக்கி ஈரத்துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். குழாயின் கீழ் நீட்டாதீர்கள், குழாயில் ஒரு தட்டு பட்டால் விளிம்பு போச்சு.

இடக் கன்னத்துக்குக் கத்தியை இடக்கைக்கு மாற்றச் சொல்வேன். வலக்கையையே முகத்தின் குறுக்கே கொண்டுபோகிறவர்களும் உண்டு. ஆனால் அப்போது கையே கண்ணாடியை மறைக்கும், கோணம் தெரியாது. பழக்கமில்லாத கை மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவே பாதுகாப்பு. பலருக்குச் சில வாரத்தில் இடக்கைதான் சுத்தமாக மழிக்கிறது.

தாடை, கழுத்து, மோவாய், மீசைப் பகுதி

கன்னம் பயமில்லாமல் வந்த பிறகே தாடை எலும்புக்கு இறங்குங்கள். எலும்பு விளிம்பில் கத்தியை வளைத்து ஓட்டப் பார்க்காதீர்கள். கன்னத் தோலை நன்றாக மேலே இழுத்தால், எலும்பின் மேலும் அடியிலும் இருக்கும் முடியெல்லாம் தட்டையான இடத்துக்கு ஏறி வந்துவிடும். அங்கே வைத்து மழியுங்கள்.

கழுத்துக்கு மோவாயைத் தூக்கி, மற்ற கையால் கழுத்தெலும்புக்கு மேலே தோலைக் கீழ்நோக்கி இழுங்கள். குரல்வளை துருத்தும் இடத்தில், எச்சிலை விழுங்குவது போல் குரல்வளையை மேலே ஏற்றிப் பிடிக்கலாம். அல்லது தோலை விரலால் ஒரு பக்கம் நகர்த்தி, மேட்டின் மேல் இல்லாமல் பக்கவாட்டுச் சமதளத்தில் மழிக்கலாம். இரண்டாவது வழி சுலபம். கழுத்தில் முடி மேல்நோக்கி வளர்கிறவர்கள் கீழிருந்து மேலே போங்கள், நீங்கள் ஒட்டிவைத்த அம்புக்குறியை நம்புங்கள்.

மோவாய்தான் கடினம். முடி அடர்த்தி, வளைவு, அடியில் எலும்பு எல்லாம் ஒரே இடத்தில். முகத்தில் மற்ற இடமெல்லாம் முடியும் வரை நுரையை அங்கே விட்டு வையுங்கள், நன்றாக ஊறட்டும். கடைசியில் புது நுரை பூசி, கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து இழுத்தால் மோவாயின் முன்புறம் விறைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இழுப்புகள். அடியிலுள்ள பகுதிக்குத் தோலைத் தாடைப் பக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வரை மோவாயைப் பழைய ரேசருக்கே விட்டாலும் தப்பில்லை.

மீசையை எடுப்பவர்கள் மேலுதட்டைப் பல்லின் மேல் கீழிறக்கி, மூக்கு நுனியை மற்ற கை விரலால் மேலே தூக்கி, மூக்கடியிலிருந்து உதடு வரை நேராக இறக்குங்கள். கத்தியின் முனை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இழுப்புக்கும் முன் பாருங்கள். உங்கள் பார்வை விளிம்பின் நடுவில் இருக்கும்போது முனை மூக்கோரத்தில் போய்ச் செருகும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கத்தியைப் போல் சுத்தமாக மீசைக் கோடு எடுக்கிற கருவி வேறில்லை. ஆனால் அதற்கும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

எத்தனை முறை ஓட்டுவது

முதல் மாதம் முழுக்க முடி படிந்த திசையில் ஒரே ஓட்டம். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சும், மிஞ்சட்டும். அது பழகியபின் மறுபடி நுரை பூசி, குறுக்குவாக்கில் இரண்டாவது ஓட்டம். எதிர்த்திசை ஓட்டம் எல்லோருக்கும் தேவையும் இல்லை, எல்லோர் தோலும் தாங்குவதும் இல்லை. சுருள்முடிக்காரர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட சுருள்முடி வளைந்து உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். எதுவானாலும் நுரையில்லாத தோலில் கத்தி வைக்காதீர்கள், ஒரே ஒரு முடி விட்டுப்போயிருந்தாலும்.

ஷேவ் முடிந்ததும்

குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஈரமான முகத்தில் படிகாரத்தைத் தேய்த்து ஒரு நிமிடம் விடுங்கள். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த அந்த உப்பு தோலைச் சுருக்கி, பொட்டுப் பொட்டாக வரும் ரத்தத்தை நிறுத்தும். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே இன்று அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது கோணம் நிமிர்ந்துவிட்டது. எந்த இடம் என்று கவனித்து வைத்துக்கொண்டால் நாளை அங்கே தோலை எப்படி இழுப்பது என்று யோசிக்கலாம். பிறகு கழுவிவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஏதாவது தடவுங்கள்.

சற்று ஆழமாக வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், அல்லது வெட்டு வாய் பிளந்து தெரிந்தால், மருத்துவரிடம் போங்கள். கத்தி கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள். விரலைவிட விளிம்பு மலிவு.

கத்தியை வைத்திருப்பது

கார்பன் எஃகுக்குக் கடற்கரை ஊர்க் காற்று ஆகாது. ஒரே இரவில் விளிம்பில் பழுப்பு படியலாம், அந்த விளிம்பின் தடிமனுக்கு அதுவே பெரிய சேதம். ஷேவ் முடிந்ததும் டிஷ்யூ பேப்பரால் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். ஆணியைச் சுற்றியும் கைப்பிடிக்குள்ளும் தங்கும் ஈரத்தை மறக்காதீர்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும். கித்தானில் பத்து முறை இழுத்தால் விளிம்பின் ஈரம் போகும். அப்புறம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விரலில் தொட்டு மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகும். அடுத்த முறை வாரில் போடுமுன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

குளியலறையில் வைக்காதீர்கள். அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். விமானத்தில் போகும்போது கைப்பையில் அனுமதியில்லை, செக்-இன் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

கல்லில் பிடிப்பது

வாரில் எவ்வளவு தீட்டினாலும் முடி இழுபடுகிறது, இரண்டு மூன்று நாளாக அப்படியே இருக்கிறது என்றால் கத்தி கல்லைக் கேட்கிறது. தினமும் ஷேவ் செய்பவருக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை வரும். வாரில் கை சரியாகப் படிந்தவருக்கு இன்னும் தள்ளிப்போகும்.

சவரக்கத்தியில் கோணத்தைக் கையால் கணக்கிட வேண்டியதே இல்லை. முதுகும் விளிம்பும் இரண்டும் கல்லில் படும்படி தட்டையாக வைத்தாலே கோணம் தானாக அமையும், கத்தியே அதற்கேற்ற அளவில் அடிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் மட்டும் விளிம்பு முன்னே போகும், வாருக்கு நேர்மாறு. சில்லு விழுந்த விளிம்புக்கு 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 என்று ஏற வேண்டும் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்). கூர் கொஞ்சம் மங்கியதற்கு 12000 கல்லில் சில போக்குகள் போதும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்ற இயற்கைக் கல்லைக் கடைசிக் கூருக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. கல் எதுவானாலும் சமதளமாக இருக்க வேண்டும், நடுவில் குழிந்த கல் கத்தியையும் கெடுக்கும்.

தெருவில் சக்கரத்தோடு வந்து அரிவாளும் கத்திரிக்கோலும் சாணை பிடித்துத் தருகிறவர் திறமைசாலிதான், ஆனால் அவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். சுழலும் முரட்டுக் கல்லின் சூட்டில் மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும், முதுகுக்கும் விளிம்புக்கும் உள்ள ஒழுங்கும் கெடும். அப்படிக் கெட்டதைச் சரிசெய்ய எஃகை நிறையத் தேய்க்க வேண்டும், சில நேரம் முடியாமலே போகும். சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் முதல் சில முறை அனுப்பி வாங்குங்கள். அவர் தீட்டித் தந்த கூர் எப்படி இருக்கும் என்று உங்கள் முகத்துக்குத் தெரிந்த பிறகு, மலிவாக ஒரு பழைய கத்தி வாங்கி அதில் கல்லைப் பழகுங்கள். கூரியரில் அனுப்பும்போது விளிம்பில் எண்ணெய் பூசி, மடக்கி, திறக்காதபடி கைப்பிடியைச் சுற்றிக் காகிதமும் டேப்பும் போட்டு, கெட்டியான டப்பாவில் வையுங்கள்.